கார் குடித்த தண்ணீர்

காரின் ஹெட் காஸ்கற் போய்விட்டது என்று பைறூஸ் சொல்லவில்லை. போயிருக்கலாம் என்றுதான் சொன்னான். சனிக்கிழமை பின்னேரம் தொலைபேசியில் அதைக் கேட்டதிலிருந்து சுடலைமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை.

"சூடும் ஏறுது, தண்ணியும் குறையுது எண்டா நான் வேற என்ன சொல்ல, அண்ணன்? கொண்டு வாங்க, கழட்டிப் பாப்பம். ஆனா ஒண்டு. கழட்டினா பத்து நாள். எஞ்சின் ஹெட்டை வவுனியாவுக்கு அனுப்பிக் கடைஞ்சு எடுக்கோணும்."

"பத்து நாள் ஏலாது தம்பி."

"தெரியும். அதுதான் சொல்றன், இஞ்ச வர முந்தி வீட்டில வச்சே ஒருக்கா வடிவாப் பாருங்க. வாட்டர் பம் கழட்டிப் பூட்டுற ஆளுக்கு இது பெரிய வேலையில்லை. காஸ்கற் போயிருந்தா எஞ்சின் அதை மறைக்காது. எங்கயாவது காட்டிக் குடுக்கும்."

பைறூஸின் கராஜ் கிளிநொச்சி நகரத்தில் இருந்தது. வீண் வேலை செய்து பழக்கமில்லாதவன். என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். சுடலைமுத்து அதை நெல்லுச் சாக்குத் துண்டொன்றில் எழுதிக்கொண்டார்.

பத்து நாள் என்றால் மனைவி தங்கம்மாவுக்குத் திங்களும் வியாழனும் இரத்தம் சுத்திகரிப்பது மூன்று தடவை தவறும். மூன்று தடவை தவறினால் ஆள் இல்லை. இதில் கூட்டிக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

அக்கராயனில், குளத்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உள்ள குடியேற்றத்தில் அவர்களின் வீடு. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. வந்தபோது சுடலைமுத்துவுக்கு ஒன்பது வயது. தோட்டத்துப் பேச்சு அவர் வாயில் எப்போதோ கரைந்துவிட்டது. தங்கம்மா மட்டும் புருசனை இன்னும் "ஏங்க" என்றுதான் கூப்பிடுவாள்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் மூன்று வருடம். கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். டொக்டர்மார் அப்படி நிச்சயமாகச் சொல்லவில்லை. ஊருக்கு நிச்சயம் தேவைப்படவில்லை. கேத்தில் அடியில் வெள்ளையாகக் கல் பிடிக்கிற தண்ணீர் அது. இப்போது குளிக்கவும் துவைக்கவும் மட்டுமே கிணறு. குடிப்பதற்குச் சனசமூக நிலையத்துக் குழாயில் பில்டர் தண்ணீர். தங்கம்மா கிணற்றுத் தண்ணீரில் வாய்கூடக் கொப்பளிப்பதில்லை.

காருக்கும் அதே தண்ணீர்தான் வில்லனாக இருந்தது. மூத்தவன் கிருபன் கட்டாரிலிருந்து உழைத்து வாங்கிக் கொடுத்த பழைய சின்னக் கார். சுத்திகரிப்பு முடிந்து பஸ்ஸில் வரும்போது தங்கம்மா இரண்டு தரம் மயங்கி விழுந்தபிறகு வாங்கியது. கிணற்றுத் தண்ணீர் விட்டு விட்டு அதன் றேடியேற்றர் அடைத்துப்போனது. பைறூஸ் அதை அறுத்துக் காட்டினான். உள்ளே சுண்ணாம்பு அப்பியது போலிருந்தது. புதியதைப் பூட்டி, "இனி நீங்க குடிக்கிறதைத்தான் இதுவும் குடிக்கோணும்" என்றான். அன்றிலிருந்து காரை விடும் கொட்டிலில் இருபது லீற்றர் நீலக் கலனொன்றில் பில்டர் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். கார்த் தண்ணி என்று அதற்குப் பெயர்.

தங்கம்மாவுக்கு நாளுக்கு எழுநூறு மில்லி. அதற்கு மேல் குடித்தால் போக வழியில்லாமல் உடம்பில் தங்கும், பிறகு நெஞ்சில் ஏறும். சுடலைமுத்து காலையில் போத்தலில் கோடு பார்த்து ஊற்றிக் குசினி மேசையில் வைப்பார். தேத்தண்ணி, கஞ்சி, மருந்துக் குளிசைக்கு விழுங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். மிச்சத் தண்ணீர் அலுமாரிக்குள் போகும், பூட்டுத் திறப்பு அவர் இடுப்பில் இருக்கும். அதை அவர் வெட்கமில்லாமல் செய்தார். அவளும் ஒன்றும் சொன்னதில்லை.

அதற்கு இரண்டு நாள் முந்தி, வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது நாலு கிலோ கூட நின்றது. டொக்டர் சுடலைமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"தண்ணி கூடக் குடிக்கிறாவோ?"

"என்ர கையால அளந்து வைக்கிறன் டொக்டர். எழுநூறுக்கு மேல ஒரு சொட்டு இல்லை."

"நிச்சயமாத் தெரியுமோ?"

"சத்தியமா."

"அப்ப சதை பிடிச்சிருக்கலாம். திங்கக்கிழமை உலர் எடையைக் கூட்டிப் போட்டுப் பாப்பம்."

உலர் எடை என்றால் கூடுதல் தண்ணீர் இல்லாத உடம்பின் எடை. மெசின் அதுவரைக்கும்தான் இழுக்கும். அதைக் கூட்டினால் அவ்வளவும் உடம்பின் சொந்தம் என்று விட்டுவிடும். சுடலைமுத்துவுக்குச் சந்தோசமாக இருந்தது. திரும்பி வரும்போது, "உனக்குச் சதை பிடிச்சிருக்காம்" என்றார். தங்கம்மா கண்ணாடி வழியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெயில் கடவையில் நிற்கும்போது கவனித்தார், சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. வீட்டுக்கு வந்து கலனைப் பார்த்தார். போன கிழமை நிரப்பியது பாதிக்குக் கீழே இருந்தது.

"ஏன் இவ்வளவு குறைஞ்சிருக்கு?"

"வண்டிக்குத்தான் ஊத்தினேன்" என்றாள் தங்கம்மா.

வெயிலில் நிற்கவும் பாரம் தூக்கவும் முடியாமல் போனபின், காலையில் பொனற்றைத் திறந்து தண்ணீர் பார்க்கிற வேலையை அவளே கேட்டு வாங்கியிருந்தாள். வெளிவேலையில் அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று விடியவே தொடங்கிவிட்டது. சிறுபோக அறுவடைக் காலம். வெட்டுமெசின் ஓடுகிற வயலிலிருந்து தூசி கிளம்பி, வேலியில் காயப்போட்ட உடுப்பிலெல்லாம் படிந்தது. சுடலைமுத்து காரைத் தள்ளிக் கொட்டிலுக்கு வெளியே விட்டு, சாக்குத் துண்டை வைப்பருக்குக் கீழே செருகினார். பக்கத்து வளவு கோகுலன் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து வேலியருகில் நின்றான். ஓட்டோ ஓடுகிறவன். கிழமை நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவதால் காலையில் அவனை நம்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைத் தவிர்க்க முடியாது.

"என்னண்ணை, ஒப்பரேசனோ?"

"சும்மா பாக்கிறன்."

"சும்மா பாக்கிறதெண்டு திறந்த எஞ்சின் திரும்பிப் பூட்டுப்பட்டதை நான் காணேல்லை."

"உன்ர ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு போறதைத்தான் ஊர் காணுது. இதில வந்து பிடி."

தங்கம்மா வேப்பமர நிழலில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மரக்கறி என்றால் அவித்துத் தண்ணீரை ஊற்றி, மறுபடி அவித்து ஊற்றி, பிறகு உப்பில்லாமல். கால் இரண்டும் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. சில நாட்களாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சுவரோடு தலகணி வைத்து இருந்தபடி தூங்கினாள்.

"ஏங்க, ஓடுற வண்டியை ஏன் கிண்டுறீங்க?"

"ஓடுது. எவ்வளவு காலத்துக்கு எண்டுதான் பாக்கிறன்."

முதலில் எண்ணெய் மூடி. காஸ்கற் என்பது எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் இடையே அமர்ந்திருக்கும் மெல்லிய தகடு. அது வெடித்தால் தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்கும், மூடியின் அடியில் பால் ஆடை போல வெளிறிய பசை பிடிக்கும். சுடலைமுத்து மூடியைத் திருகி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் வழித்துப் பார்த்தார். கறுப்பு எண்ணெய்தான். அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தார். அதிலும் பால் இல்லை.

"எண்ணெய் சுத்தம்" என்றான் கோகுலன். "அடுத்தது?"

"குமிழி."

எஞ்சின் ஆறியிருந்தது. றேடியேற்றர் மூடியைத் திறந்தபடியே ஸ்ராட் பண்ணச் சொன்னார். கோகுலன் ஏறித் திறப்பைத் திருகினான். சுடலைமுத்து குனிந்து வாய்க்குள் பார்த்தார். காஸ்கற் போயிருந்தால் எரிந்த காற்று தண்ணீருக்குள் புகுந்து, சோற்றுப் பானை கொதிப்பது போலக் குமிழி வரும். தண்ணீர் சும்மா நடுங்கிக்கொண்டு நின்றது.

"ஒண்டுமில்லையோ?"

"இல்லை. கொஞ்சம் அக்சிலேற்றரை மிதி."

மிதித்தான். தண்ணீர் சிறிது மேலே வந்து திரும்பக் கீழே போனது. குமிழி இல்லை. பின்னால் போய்ப் புகைக்குழாயில் உள்ளங்கையைப் பிடித்தார். வெள்ளைப் புகையும் இல்லை. கோகுலன் இறங்கி வந்து தானும் குனிந்து மணந்து பார்த்தான்.

"நீயேன் மணக்கிறாய்?"

"நீங்கள் பாக்கிறியள், நான் மணக்கிறன். ரெண்டு டொக்டர்மார்."

பிளக் மூன்றையும் கழற்றிச் சாக்கில் வரிசையாக வைத்தார்கள். தண்ணீர் கசிகிற சிலிண்டரின் பிளக் கழுவியது போல வெளுத்திருக்கும் என்று பைறூஸ் சொல்லியிருந்தான். மூன்றும் ஒரே பழுப்பு. முந்தின நாள் காருக்குக் கீழே விரித்த பிஸ்கற் பெட்டி மட்டையை இழுத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. காருக்குள் கால்வைக்கும் விரிப்பைத் தடவினார். அதுவும் காய்ந்திருந்தது. ரப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாக நசுக்கினார். வெடிப்போ புடைப்போ ஒன்றுமில்லை.

மகள் கஜேந்தினி குசினியிலிருந்து பாணும் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை. ஞாயிறு மட்டும்தான் வீட்டில் கண்ணில் படுவாள்.

"என்னப்பா, நாளைக்குப் போகுமோ?"

"போகும். போய்த்தானே ஆகோணும்."

"இல்லாட்டி நான் லீவு போடுறன். பஸ்ஸில கூட்டிக்கொண்டு போவம்."

"பஸ்ஸில இவ திரும்பி வரமாட்டா" என்றார் சுடலைமுத்து. தங்கம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்த வீட்டில் இதெல்லாம் மெதுவாகப் பேசுகிற விசயமாக இருந்த காலம் போய்விட்டது.

பிளக்கைப் பூட்டி, எஞ்சினை நின்ற நிலையில் ஓடவிட்டார்கள். இருபது நிமிடம் போக முள் பாதியைத் தாண்டி ஏறத் தொடங்கியது.

"அண்ணை, காத்தாடி சுத்தேல்லை."

சுடலைமுத்துவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். றேடியேற்றருக்குப் பின்னால் உள்ள காத்தாடி செத்த மாதிரி நின்றது. ஓடும்போது எதிர்க்காற்றில் எஞ்சின் ஆறும். நிற்கும்போதுதான் காத்தாடி தேவை. ரெயில் கடவையில் முள் ஏறியது அதனால்தான். எஞ்சினை நிறுத்தினார். பற்றறியிலிருந்து இரண்டு வயரை நேரே பிடித்தார். காத்தாடி விர்ரென்று சுற்றியது. மோட்டர் நல்லது. வயரைத் தடவிக்கொண்டே போனார். பற்றறித் தட்டுக்கு அடியில், கைக்கு மட்டும் எட்டுகிற இடத்தில், எலி கடித்து இரண்டு செப்பு இழை மட்டும் தொங்கியது.

"எலி" என்றார்.

"வயலில நெல்லை வெட்டினாப் பிறகு அதுகளும் எங்க போறது? வண்டிக்குள்ளதான்."

வயரைச் சீவி முறுக்கி, கறுப்பு ஒட்டு ரேப் சுற்றினார். மறுபடி எஞ்சினை ஓடவிட்டார்கள். முள் பாதிக்கு வந்ததும் காத்தாடி தானாகச் சுற்றத் தொடங்கியது. சிறிது நேரத்தில் முள் இறங்கியது. கோகுலன் பொனற்றில் தட்டினான். சுடலைமுத்து அன்று முதல்தடவையாகப் பாணில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார்.

"சூட்டுக்குக் காரணம் பிடிச்சாச்சு. இனித் தண்ணி."

றேடியேற்றரைக் கழுத்துவரை நிரப்பினார். நிரப்ப ஒரு கோப்பைகூடத் தேவைப்படவில்லை. வழிகிற தண்ணீர் சேரும் அருகிலிருந்த சின்னப் போத்தலில், தண்ணீர் நின்ற மட்டத்தில் ஆணியால் கோடு கீறினார். கோகுலனை ஏற்றிக்கொண்டு முறிகண்டிப் பக்கம் போய், வேண்டுமென்றே வேகமாக ஓட்டித் திரும்பினார். இரண்டு மணித்தியாலம் ஆறவிட்டார். கோகுலன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டு வந்து சேர்ந்தான். மூடியைத் திறந்தபோது தண்ணீர் கழுத்தில் விட்ட இடத்திலேயே நின்றது. போத்தலிலும் கோட்டில் நின்றது.

"ஒரு சொட்டுக் குறையேல்லை" என்றான் கோகுலன்.

"ஓம்."

"அப்ப கலனில இருந்த தண்ணி எங்க போனது?"

சுடலைமுத்து கொட்டிலுக்குள் போய்க் கலனைத் தூக்கிப் பார்த்தார். வியாழன் பின்னேரம் நிரப்பி வைத்தது. இன்று காலைவரை கார் அசையவேயில்லை. நாலு லீற்றருக்குக் கிட்டக் குறைந்திருந்தது. கலன் மூடியின் மேல், றேடியேற்றருக்கு ஊற்றவென்று பாதியாக வெட்டிய பிளாஸ்ரிக் போத்தல் கவிழ்ந்திருந்தது.

வெளியே கோகுலன் தன் முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தான். "உள்வெடிப்பு அண்ணை. சில வெடிப்பு ஒரு நாளைக்குக் காட்டும், ஒரு நாளைக்குக் காட்டாது. எங்கட மச்சானின்ர வானுக்கும் இதுதான் நடந்தது. நடுறோட்டில எஞ்சின் இறுகி நிண்டது. அக்காவை வச்சுக்கொண்டு நடுறோட்டில நிக்கப் போறியளோ? பைறூஸுக்கு எடுங்கோ. நாளைக்கு ஆஸ்பத்திரியால நேர கொண்டுபோய் விடுங்கோ. கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

சுடலைமுத்து கலனை வைத்துவிட்டு வெளியே வந்தார். சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். எடுத்தவர் அதில் பைறூஸின் எண்ணைத் தேடவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கழட்ட வேணாம்" என்றாள் தங்கம்மா.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பூசணிச் சட்டி மடியில் இருந்தது. கத்தியை அதற்குள் போட்டாள்.

"வண்டி குடிக்கல. நான்தான் குடிச்சேன்."

காற்றில் வேம்பு இரைந்தது. கோகுலன் பல் குத்திய ஈர்க்கைப் பார்த்தான். பிறகு, "ஓட்டோக்குக் காத்தடிக்கோணும்" என்று சொல்லி வேலியால் குனிந்து போனான். அவன் அப்படிச் சட்டென்று போனது அதுவே முதல்தடவை.

சுடலைமுத்து அவளுக்கு முன்னால் தரையில் குந்தினார்.

"எத்தனை நாளா?"

"சித்திரையிலேர்ந்து. மொதல்ல ஒரு வாய். வெயில் ஏற ஏறக் கூடிப்போச்சு."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"ஒரு லீற்றர் இருக்கும். சில நாளைக்குக் கூட."

"எதால குடிச்சனி?"

"அந்த வெட்டின போத்தல்ல."

"அதில ஒயில் மணக்குமே."

"மணக்கும்" என்றாள். "தண்ணி மாதிரித்தான் இருக்கும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "டொக்டரிட்டச் சத்தியம் பண்ணினனான். நீ பக்கத்தில நிண்டனி."

"நின்னேன்."

"நாளைக்கு அந்த மனுசன் எடையைக் கூட்டியிருந்தா அவ்வளவு தண்ணியும் உன்ர நெஞ்சுக்குள்ள நிண்டிருக்கும். உனக்கு அது விளங்கினதோ இல்லையோ?"

"வெளங்கிச்சு."

"விளங்கியும் சும்மா இருந்தனி."

"நீங்க சதை பிடிச்சிருக்குன்னு சந்தோசமாச் சொன்னீங்க." அவள் வீங்கிய காலைப் பார்த்தபடி சொன்னாள். "அந்தக் கிணத்துல ஒரு சொட்டுக் குடிக்கல நான். வெசம்னு தெரியும். குசினி அலுமாரிக்குப் பூட்டு. சொந்த வீட்டுல தண்ணியப் பூட்டி வச்சிருக்கீங்க. கேட்டா, தராம ஒரு பார்வை பாப்பீங்க. கேக்குறத விட்டுட்டேன். கொட்டில்ல வண்டிக்கு மட்டும் கலன் நெறையத் தண்ணி. அதுக்கு எவ்வளவு வேணும்னு யாரும் அளக்கல."

கஜேந்தினி குசினி வாசலில் நின்றாள். எல்லாம் கேட்டிருந்தது. "கொட்டிலுக்கும் பூட்டுப் போடுவம் அப்பா. இண்டைக்கே போடுவம்."

"எதெதுக்குப் பிள்ளை பூட்டுப் போடுவாய்?" என்றார் சுடலைமுத்து. "சனசமூக நிலையக் குழாய்க்கும் போடுவியோ? கோகுலன் வீட்டுப் பானைக்கும் போடுவியோ?"

"அப்ப என்ன செய்யிறது? அம்மா செத்துப்போவா."

தங்கம்மா சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எழும்போது மூச்சு இளைத்தது. "பூசணியை அவிக்கணும்" என்றாள்.

திங்கள் காலை ரெயில் கடவையில் ஐந்து நிமிடம் நின்றார்கள். முள் பாதியில் நின்றது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் தராசு நாலு கிலோவும் முந்நூறும் கூடக் காட்டியது. நேர்ஸ் கொப்பியைப் புரட்டினாள்.

"டொக்டர் உலர் எடையைக் கூட்டச் சொல்லி எழுதியிருக்கிறார் அம்மா. இண்டைக்கு ரெண்டு லீற்றர்தான் எடுப்பம்."

சுடலைமுத்து வாயைத் திறந்தார். தங்கம்மா அவர் கையில் தட்டினாள்.

"கூட்டாதேங்கோ மிஸ். சதை இல்லை. தண்ணி. களவாக் குடிச்சனான்." வெளியாட்களிடம் பேசும்போது அவளும் ஊர்ப்பேச்சுத்தான் பேசுவாள்.

நேர்ஸ் நிமிர்ந்து சுடலைமுத்துவைப் பார்த்தாள். "ஐயா, நீங்கள்தானே அளக்கிறன் எண்டனீங்கள்?"

"ஓம் மிஸ். பிழையா அளந்திட்டன்."

நேர்ஸ் வெளியே போய் டொக்டரோடு கதைத்துவிட்டு வந்தாள். கொப்பியில் எழுதியதை வெட்டினாள். "எல்லாத்தையும் ஒரேயடியா இழுத்தா நெஞ்சு தாங்காது. இண்டைக்கு மூண்டரை எடுப்பம். கால் இழுக்கும், பொறுத்துக்கொள்ளோணும். மிச்சத்துக்குப் புதன்கிழமை ஒருக்கா வரோணும். வியாழனும் வரோணும். வண்டி இருக்கோ?"

"இருக்கு" என்றார் சுடலைமுத்து.

மூன்றாவது மணித்தியாலத்தில் அவரை உள்ளே கூப்பிட்டார்கள். தங்கம்மாவின் வலக்கால் கெண்டைத்தசை கல்லாக இறுகியிருந்தது. நெற்றியில் வியர்வை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஊசி குத்தியிருந்த கையை அசைக்கக் கூடாது என்பதால் உடம்பை முறிக்கவும் முடியவில்லை. அவர் கட்டில் காலடியில் நின்று இரண்டு பெருவிரல்களாலும் கெண்டையை அமத்திக் கீழே உருவினார். நகக்கண்ணில் எஞ்சின் கறுப்பு இன்னும் போகவில்லை.

இறுக்கம் தளர்ந்ததும் அவள் பேசினாள்.

"நாளைக்கும் தாகம் வரும்."

"வரும்."

"கேப்பேன்."

"கேள். ஒளிக்காம என்னட்டக் கேள். பத்துத்தரம் கேட்டாலும் கேள்."

"தருவீங்களா?"

அவர் உருவுவதை நிறுத்தவில்லை.

"தரமாட்டன்."

தங்கம்மா கண்ணை மூடினாள். மெசினுக்குள் இரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது.

"மத்தக் காலும் இழுக்குது" என்றாள்.

சுடலைமுத்து கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனார்.